வாஷ்பேசின் பக்கத்துக் கட்டில்

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸுக்கு ஆஸ்பத்திரி முழுக்க சோப்பக்கா என்றுதான் பேர். பெரிய டாக்டரே வந்தாலும், "சார், கை?" என்று வழிமறிப்பாள். அவரும் சிரித்துக்கொண்டே வாஷ்பேசினுக்குப் போவார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு வியாதிக்கு வந்து படுத்தவர்களுக்கு இங்கே ரத்தத்தில் கிருமி ஏறுவது எப்போதாவதுதான் நடக்கும். ஒரு மருந்து கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கும். இப்போதோ மாதம் தவறாமல் யாராவது ஒருவர். மருந்துகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துவிட்டன.

அந்தப் பிரிவுக்கே அவள் தம்பி வந்து சேர்ந்தான். லாரி விபத்தில் தொடை எலும்பு நொறுங்கி ஆபரேஷன் ஆகியிருந்தது. மருந்து ஏற்றக் கழுத்து நரம்பில் குழாய். வாஷ்பேசினை ஒட்டிய கட்டிலை அவள்தான் கேட்டு வாங்கினாள். தம்பியைத் தொடுகிற கையெல்லாம் கழுவின கையாக இருக்கட்டுமே!

"வீட்லதான் சோப்பு சோப்புன்னு உயிரை வாங்கின. இங்கயுமாக்கா?" என்றான்.

வார்டுக்கு மாற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். லேப்காரர் நேரிலேயே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கிருமி எந்த மருந்துக்குமே மசியல சிஸ்டர். ஒரே ஒரு மருந்து மிச்சமிருக்கு. அது கிட்னியைப் பதம் பார்த்துடும்."

அதையும் கொடுத்தார்கள். கிட்னி போயிற்று, ஜுரம் போகவில்லை. அக்காவின் விரலைப் பிடித்தபடியே தம்பி கண்ணை மூடினான்.

பிறகு கிருமி வந்த வழியைத் தேடினார்கள். வாஷ்பேசினின் கழிவுக்குழாய்க்குள் அதே கிருமி பாசிபோல் அப்பிக் கிடந்தது. தண்ணீரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சாரல் கட்டில்வரை தெறித்திருக்கிறது. வாஷ்பேசினையே பெயர்த்தெடுத்து, கட்டிலுக்குக் கட்டில் கையில் தடவும் கிருமிநாசினி வைத்தார்கள். தொற்று குறைந்தது, ஒழியவில்லை.

வெளியே சொல்ல வேண்டாம் என்றது நிர்வாகம். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தம்பி மனைவியிடம் போய், "அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கினது நான்தாம்மா" என்றாள்.

தம்பி மனைவி, "நல்லதுக்குத்தானே அண்ணி கேட்டீங்க" என்றாள்.

அவள் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. வேலையை விடவில்லை. ஆனால் லேப்பிலிருந்து போன் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களை எடுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.