கொல்லிமலையிலிருந்து நாடகத்துக்கு

சேலத்தில் ஆறு மணிக்கு நாடகம். டிக்கெட் என் சட்டைப்பையில் இருக்கிறது, மனைவி அரங்க வாசலில் நிற்கிறாள். நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸை விடக் கார்தான் வேகம் என்று அவளிடம் அளந்துவிட்டவன், மலைமேல் செம்மேடு தாண்டி முதல் வளைவைப் பார்த்ததுமே காரை ஓரங்கட்டிவிடுகிறேன்.

டியூட்டி முடிந்து, சேலத்திலுள்ள வீட்டுக்குத் திரும்ப அங்கே நின்றிருந்த பஸ் டிரைவர் ஒருவர், என் முகத்தைப் பார்த்து இரங்கிச் சாவியை வாங்கிக்கொள்கிறார். வண்டியை அருமையாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் பழக்கதோஷம், ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நிறுத்துகிறார். நிறுத்தினால் ஆட்கள் ஏறாமல் இருப்பார்களா? மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய ஓர் அம்மா தன் பலாப்பழத்தை என் மடியில் வைக்கிறார்.

“அண்ணா, நாடகத்துக்கு நேரமாச்சு!”

“கைகாட்டறவங்கள உட்டுட்டுப் போனா, நாளைக்கு பஸ்ஸுல ஏறி என்னையத்தானுங்க வைவாங்க,” என்கிறார் டிரைவர்.

“பழத்தக் கெட்டியாப் புடிச்சுக்குங்க சாமி,” என்கிறார் அம்மா.

அப்போது பின்னால் சேலம் பஸ் காலியாக, எங்கும் நிற்காமல் பறந்து வருகிறது. அதில் ஏற வேண்டியவர்கள்தான் என் காரில் இருக்கிறார்களே! “காரை சேலத்துக்குக் கொண்டு வந்துடுங்கண்ணா!” என்று கத்திவிட்டுக் குதித்து, பஸ்ஸை மறித்து ஏறுகிறேன்.

கண்டக்டர் பரிதாபமாகக் கேட்கிறார்: “ஏனுங்க, அந்தக் காருல எடம் இல்லீன்னுட்டாங்களா?”