வாடகைக் காருக்குள் வந்த பேச்சும் பாட்டும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ரோடு ஒரு பிரச்சினையே இல்லை. வண்டிக்குள் என்ன சத்தம் ஓட வேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஸ்டியரிங் நம் கையில் இருந்தாலும் ஸ்பீக்கர் பின் சீட்டில் இருப்பவர் கையில். ஒருவருக்குப் பாட்டு வேண்டும், ஒருவருக்குச் சாமி பாட்டு மட்டும் வேண்டும், இன்னொருவருக்கு எதுவும் வேண்டாம், ஆனால் சும்மா வந்தால் தூக்கம் வருகிறது என்பார். எந்த ஊர் ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்தாலும் இந்த அவஸ்தை உங்களுக்கும் இருந்திருக்கும். நான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டிருக்கிறேன். என் வண்டிக்குள் நடந்ததில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலாளியின் சிரிப்பு

அன்னவாசலில் அரிசி மில் வைத்திருக்கும் ஒரு பெரியவர் எனக்கு நிரந்தர வாடிக்கை. எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். வியாழக்கிழமைதோறும் விராலிமலை வழியாகத் திருச்சி மார்க்கெட்டுக்குப் போவார். ஏறி உட்கார்ந்ததும் "அந்தத் தம்பியப் போடப்பா" என்பார். அந்தத் தம்பி, செல்போனில் தினமும் காலையில் அரசியல் பேசுகிற ஒரு ஆள். ரேடியோ மாதிரிதான், முகம் காட்ட மாட்டார், குரல் மட்டும். நேயர்கள் போன் போட்டுப் பேசலாம். பேச வந்தவரைப் பாதியில் மடக்கி, அவர் படிப்பு, ஊர், உச்சரிப்பு என்று எதையாவது பிடித்துக்கொண்டு கிண்டல் செய்வார். முடித்ததும் ஒரு கூட்டமே சிரிக்கிற மாதிரி ஒரு சத்தத்தைத் தட்டி விடுவார்.

ஒரு நாள் ஒரு விவசாயி பேசினார். பயிர்க் காப்பீடு வரவில்லை என்று சொல்ல வந்தவர், பாவம், கொஞ்சம் திக்குவாய். அந்தத் தம்பியும் அதே மாதிரி திக்கித் திக்கிப் பதில் சொன்னார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நம்ம மில்லுக்கு நெல்லு போடுகிற ஆளு மாதிரிதானே இருக்கார் முதலாளி, என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவன் நம்மளையா திட்டுறான்? அடுத்தவனைத்தானப்பா திட்டுறான்."

பெண் பார்க்கப் போன பாட்டு

பாட்டு விஷயம் வேறு மாதிரி. ஒரு கடையில் பென் டிரைவைக் கொடுத்து, பாட்டு ஏற்றித் தாங்க என்றேன். கடைக்காரர் சாமி பாட்டு, சோகப் பாட்டு, குத்துப் பாட்டு, தாலாட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். அது போதாதென்று, பாட்டுகளைக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் பட்டன் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து அடுத்து எது வரும் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஆலங்குடிப் பக்கம் பெண் பார்க்க ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டியதும் காதலியைப் பறிகொடுத்தவன் தாடியோடு பாடுகிற பாட்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நிறுத்தச் சொன்னார். அடுத்ததுக்குத் தள்ளினேன். வாழ்க்கையே நிலையில்லை, ஆறடி மண்தான் சொந்தம் என்று ஒருவர் உருக ஆரம்பித்தார். அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா, பாட்டுக்கு என்ன தெரியும், விடு என்று சமாதானம் செய்தார். முன் சீட்டில் இருந்த மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கி உள்ளே போனபிறகு, செருப்பைச் சரிசெய்வது போல் பின்தங்கி, என் ஜன்னல் பக்கம் குனிந்தார்:

"அண்ணே, திரும்பிப் போறப்பவும் இந்தப் பாட்டே வந்தா நல்லாருக்கும். அம்மாவே வேணாம்னு சொல்லிரும்."

சரோஜா அக்காவின் பந்தயம்

இலுப்பூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சரோஜா அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டைக்குக் கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவேன். முதல் தடவை திரும்பும்போது சும்மா இருக்க வேண்டாமே என்று அந்த அரசியல் தம்பியைப் போட்டேன். அக்கா உடனே கையை ஆட்டிவிட்டார். ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து உள்ளே விட்டிருக்காங்க, இப்ப இது வேறயா என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டுக்கு மாற்றினேன். என் பட்டன் கதையையும் சொன்னேன்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு பந்தயம் ஆரம்பித்தது. ஒரு பாட்டு முடியப்போகும்போது அக்கா, அடுத்து சாமி பாட்டு என்பார். நான் குத்துப் பாட்டு என்பேன். தோற்றவர் அன்னவாசலில் டீ வாங்கித் தர வேண்டும். அக்காவுக்குத் தண்ணீருக்கே அளவு உண்டு என்பதால், அவர் ஜெயித்தால் அந்த டீயையும் நான்தான் குடிக்க வேண்டும். உடம்பு ரொம்ப முடியாத நாளில்கூட, சீட்டில் சாய்ந்தபடி விரலை மட்டும் தூக்கி "தாலாட்டு" என்பார். ஒரு நாள் டாக்டர் ஏதோ புதிதாகச் சொல்லிவிட்டார் போல. அன்று விரலைக்கூடத் தூக்கவில்லை. பாட்டு மாறுகிற இடத்தில் நானும் கேட்காமல் இருந்தேன். அவராகவே சொன்னார்:

"அடுத்து என்ன வரும்னு தெரியாம இருக்குறதுல ஒரு சந்தோசம் இருக்குன்னா, அது ஒன் வண்டியில மட்டுந்தான் தம்பி."

கலெக்டர் ஆபீஸுக்குப் போன திங்கட்கிழமை

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளாண்டுக்கு மெக்கானிக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற மூன்று பெண்கள் கையைக் காட்டினார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறவர்கள். மூவர் வீட்டு ஆண்களும் ஒரே படகில் போனவர்கள். எல்லை தாண்டினார்கள் என்று பிடித்து இலங்கைச் சிறையில் வைத்திருந்தார்கள். மூவரில் சின்னவள் பெயர் வசந்தி. மடியில் மனு வைத்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வந்த அவளுடைய நாத்தனார்தான், அண்ணே, காலையில வர்ற அந்த அரசியல் பேச்சுல இன்னைக்கு எங்களைப் பத்திப் பேசுறாங்களாம், கொஞ்சம் போடுங்க என்றாள். யாரோ போனில் சொன்னார்களாம். நல்லபடியாகப் பேசுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கேட்டாள்.

போட்டேன். அந்தத் தம்பி, பேராசை என்றார், திருட்டுத்தனம் என்றார், இவர்களுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும் என்றார். நான் கையை நீட்டுவதற்குள் வசந்தி தன் போனில் அந்த நிகழ்ச்சிக்கே நம்பர் போட்டுவிட்டாள். லைன் கிடைத்துவிட்டது. நான் கார் சத்தத்தைக் குறைத்தேன். அவள் போனிலேயே ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. என் வீட்டுக்காரரு பேரு பாலமுருகன், அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லை என்று ஆரம்பித்தாள். என்ஜின் நின்றுபோனது, காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றாள். "அது எப்படிம்மா, உங்க என்ஜின் மட்டும் கரெக்டா அங்க போய்த்தான் நிக்குது?" என்று கேட்டுவிட்டு அந்தச் சிரிப்புச் சத்தத்தைத் தட்டினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழ அழ, அந்தப் பக்கம் கைக்குழந்தை அழுகிற ஒரு சத்தத்தையும் சேர்த்துப் போட்டார். பிறகு, அடுத்த நேயர் என்று சொல்லி லைனைத் துண்டித்தார்.

நான் என் போன் இணைப்பை எடுத்துவிட்டேன். எடுத்தால் வண்டி பிளேயர் தானாகப் பென் டிரைவுக்குப் போய்விடும். போனது. கல்யாண வீட்டில் ஆடுகிற ஒரு குத்துப் பாட்டு தவிலோடு எழும்பியது. நிறுத்துகிற பட்டனைத் தேடினேன். பின்னாலிருந்து வசந்தி சொன்னாள்:

"பாட்டு இருக்கட்டும்ணே. அது நம்மளப் பார்த்துப் பாடல."

முதலாளி போட்ட போன்

அந்த வியாழக்கிழமை முதலாளி ஏறினார். தம்பியைப் போடச் சொன்னார். போட்டதும் முதலில் வந்ததே வசந்தியின் குரல். "என்ஜின் நின்னுபோச்சு" என்று அவள் அழுதுகொண்டே சொன்னதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, எவர் என்ன சமாதானம் சொன்னாலும் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அந்தப் பொண்ணு திங்கக்கிழமை நீங்க இருக்குற சீட்லதான் உட்கார்ந்திருந்துச்சு முதலாளி என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விராலிமலையில் டீக்கு நிறுத்தினோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அந்த நிகழ்ச்சிக்குப் போன் போட்டார். அடிக்கடி பேசுகிறவர் என்பதால் உடனே எடுத்துக்கொண்டார்கள். தம்பி, அந்தப் புள்ளை நெசமாவே கஷ்டப்படுது, அதை விட்ருங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்தத் தம்பி, "ஐயாவுக்கு வயசாயிருச்சு. காலை மாத்திரை போட்டீங்களா ஐயா?" என்றார். அதே சிரிப்புச் சத்தம். முதலாளி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், லைன் போய்விட்டது. கடையில் நின்ற இரண்டு பேர் தங்கள் போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல, இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார். மார்க்கெட்டிலும் அவர் சரியாக இல்லை. யாரோடும் விலை பேசாமல் சொன்னதுக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். திரும்பும்போது இலுப்பூர் தாண்டியதும் கேட்டார்:

"அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எப்படிப்பா கலெக்டர் ஆபீஸ் படியேறுச்சு?"

சவாரி போனாலும் போகட்டும்

அன்றோடு என் வண்டியில் அரசியல் பேச்சு இல்லை என்று முடிவு செய்தேன். ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். கட்சி ஆபீஸ் சவாரி எல்லாம் கைவிட்டுப் போகும் என்றார்கள். சிலது போகவும் செய்தது. ஒருநாள் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒருவர் ஏறினார். பேச்சைப் போடச் சொன்னார். அது இல்லைங்க, பாட்டுதான், அதுவும் அது இஷ்டத்துக்குத்தான் வரும் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கோபமாக எல்லாம் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்:

"ஏங்க, யாரையும் திட்டாம எப்படிங்க திருச்சி வரைக்கும் சும்மா போறது?"

விராலிமலை வேண்டுதல்

சில மாதம் கழித்து வசந்தி போன் செய்தாள். பாலமுருகனை விட்டுவிட்டார்கள், வீட்டுக்கு வந்துவிட்டார், படகு மட்டும் அங்கேயே நிற்கிறது என்றாள். விராலிமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாளாம். வண்டியோடு வரச் சொன்னாள். போனேன், பாலமுருகன் ஆள் மெலிந்துபோயிருந்தார். இப்போது ஐஸ் பிளாண்டில்தான் வேலை என்றார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவள் குரல் ஊரெல்லாம் சுற்றியது எனக்குத் தெரியும்; கடற்கரையில் வலை பார்க்கிற பையன்கள்கூட அதைச் சொல்லிச் சிரிப்பதாக அந்த ஐஸ் பிளாண்டு மெக்கானிக் சொல்லியிருந்தார்.

மலையடிவாரத்தில் வசந்தி பூ வாங்க இறங்கிப் போனாள். பாலமுருகன் முன் சீட்டில் இருந்தபடி போனைக் காதோடு வைத்துக் கேட்டார். நிறுத்தினார். திரும்பவும் முதலிலிருந்து போட்டார். வெளியே கசிந்த குரலிலேயே, அது வசந்தி அன்று நிகழ்ச்சியில் பேசிய முழுப் பதிவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அதை அழித்துவிடக்கூடாதா, எதுக்கு வச்சிருக்கீங்க என்று கேட்டேன். அவருக்குக் கோபமோ வெட்கமோ வரவில்லை. அங்கே உள்ளே இருக்கும்போது ராத்திரியில் இவள் குரலை நினைத்துப் பார்த்தால் வரவே மாட்டேன் என்கிறது, முகம் வருகிறது, குரல் வரவில்லை, அதுதான் பெரிய பயமாக இருந்தது என்றார். போனை என் பக்கம் நீட்டினார்:

"இந்தா கேளுங்கண்ணே, மொதல்ல என் பேரைச் சொல்லுறா பாருங்க. அந்தச் சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே நிப்பாட்டிருவேன்."

ரோட்டில் இருக்கிற பள்ளத்துக்கு நம் காலடியில் பிரேக் இருக்கிறது, ஸ்பீக்கருக்குள் இருக்கிற பள்ளத்துக்கு மட்டும் இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் பிரேக் வைத்து வண்டி விடவில்லை.