மாதாவுக்கு வேறு இடம்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். நிலைமம், உந்தம் எல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஆனால் சொந்தக் காரில் இருந்த ஆபத்தைப் பற்றி மாமியாரிடம் வாயைத் திறக்க எனக்கு ஏழு மாதமாகத் தைரியம் வரவில்லை.

கார் வாங்கிய அன்றே அத்தை, பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த மாதா சொரூபத்தை முன்பக்கம் தன் இருக்கைக்கு நேர் எதிரே டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிவிட்டார். ஒரு சாண் உயரம், நல்ல கனம். அதன் பாதத்துக்குக் கீழேதான் ஏர்பேக் என்று எழுதியிருந்தது. வண்டி மோதினால் அந்த இடம் பிளந்து காற்றுப் பை வெடித்து வரும், சொரூபம் அத்தையின் முகத்துக்கு நேராகப் பறக்கும் என்பது எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். மாமா மேலூர் ரோட்டில் கார் விபத்தில்தான் இறந்தார். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த முதல் கார் இது. அத்தை எந்தப் பயத்தில் மாதாவை அங்கே வைத்தார் என்று தெரிந்தபின் யார் போய்ச் சொல்வது? நீங்க சொல்லுங்க, நீயே சொல்லு என்று நாங்கள் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டதில் நாள் ஓடியது.

போதாக்குறைக்கு, சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறதாம் அத்தைக்கு. பீப் சத்தம் வராமலிருக்க அதை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்காருவார்.

போன மாதம் மூவரும் சர்வீஸ் சென்டர் போனோம். வண்டியைப் பார்க்க வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், சட்டைக் கையில் கிரீஸ் கறை. சொரூபத்தைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். எங்களைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கதவோரம் குத்தவைத்து உட்கார்ந்து அத்தையிடம் நேராகப் பேசினார்.

பெல்ட் உங்களைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும், அதே நொடியில் பை வந்து முகத்தைத் தாங்கும், ரெண்டும் ஜோடி என்றார். பெல்ட் இல்லாவிட்டால் வெடிக்கிற பையின்மேல் நாமே போய் விழுவோம், அடி பலமாக இருக்கும் என்றார். சொரூபத்தைச் சுற்றி விரலால் ஒரு சதுரம் வரைந்து, இது ஒரு கதவும்மா, கண் இமைக்கிறதுக்குள்ள திறக்கும் என்றார். கதவின்மேல் நிற்கிற மாதா என்ன ஆவார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அத்தை மாதாவைப் பார்த்தார், தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மீதியை எதிரில் இருப்பவரே முடிக்க விடுகிற அந்த வித்தை எனக்கு வராது. பொறாமையாகவே இருந்தது.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் போன வண்டில இந்தப் பை இருந்துச்சா?" என்று கேட்டார் அத்தை.

மாமாவின் விபத்தைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். என்ன வண்டி, எந்த வருடத்து மாடல் என்று விசாரித்துவிட்டு, அந்த மாடலில் பையே கிடையாது என்றார் அவர்.

"இருந்திருந்தா பொழச்சிருப்பாகளா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அவர் எழவில்லை.

"தெரியலம்மா. ஒரு வாய்ப்பு கெடச்சிருக்கும்."

அந்த நேர்மைக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

அத்தை யாரையும் தொடவிடவில்லை. நகத்தால் டேப்பைக் கிளப்பி, சொரூபத்தைத் தானே பெயர்த்து, முந்தானையால் துடைத்து என் கைப்பைக்குள் வைத்தார். பெல்ட்டை முன்னால் இழுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டும் தெரிஞ்சவ நீ. ஏன் எங்கிட்ட சொல்லல?"