நான் பாஸ் போட்ட பித்தளைக் காசு

போலிச் சரக்கு விற்கிறவனுக்கு, அது போலி என்று தெரிந்த பிறகும், கடை போட இடம் கொடுத்திருக்கிறீர்கள். தெரியாமல் நடந்தது என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். படம் அனுப்பினேன், வீடியோ அனுப்பினேன், இரண்டு முறை புகார் எண் வாங்கினேன். உங்கள் ஆப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் காசை விட்டுவிட்டு என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவீர்கள். படித்தால் உங்களுக்கே தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷரும் கிளாம்பும் அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வருகிற ஷீட்டும் வெளியே போகிற பீஸும் என் கையெழுத்து இல்லாமல் நகராது. ஆபரேட்டர்கள் என் காதுபடவே 'ரிஜெக்ட் அக்கா' என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. லாரியில் ஷீட் வந்தால் கூடவே டி.சி. வர வேண்டும். மில்லில் சோதித்துப் பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ் அது. சான்றிதழில் உள்ள நம்பரும் ஷீட்டில் குத்தியிருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால் சரக்கு உள்ளே போகலாம். ஷீட்டை வெட்டி லேபுக்கு அனுப்புவது எப்போதாவதுதான். பேப்பர் சரி என்றால் சரக்கு சரி. பத்தொன்பது வருஷம் அப்படிப் பழகிய கண்ணை வைத்துத்தான் அந்த வெள்ளிக் காசையும் பார்த்தேன்.

தம்பி மகளுக்குப் புதுநன்மை வந்தது, பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் வீடுகளில் வெள்ளை கவுனும் தலைக்குக் கிரீடமும் பெற்றவர்கள் எடுப்பார்கள். அத்தை முறைக்கு வெள்ளியில் ஏதாவது செய்ய வேண்டும். பிள்ளைக்கு அத்தை என்று இருப்பது நான் ஒருத்திதான். வேலை முடிந்து முத்தாபுதுப்பேட்டையில் வீடு வந்து சேர்வதற்குள் கடைகளுக்குப் போக நேரம் இருக்காது. ஆப்பில் பார்த்தேன். மாதா உருவம் பதித்த இருபது கிராம் சுத்த வெள்ளிக் காசு. போட்டோ நன்றாக இருந்தது. வாங்கினேன்.

பிளாஸ்டிக் அட்டைக்குள் மூடி ஒட்டி வந்தது. ஓரத்தில் மினுங்குகிற ஸ்டிக்கர், உள்ளே சான்றிதழ். அட்டையில் ஒரு நம்பர், சான்றிதழிலும் அதே நம்பர். 'முத்திரையைப் பிரித்தால் திரும்ப வாங்க மாட்டோம்' என்று போட்டிருந்தது. நானும் பிரிக்கவில்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ரிவ்யூ போட்டால்தான் திரும்ப வாங்கிக்கொள்ளும் கேரண்டி செல்லுபடியாகும் என்றது. டீ பிரேக்கில் ஐந்து நட்சத்திரம் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'நான் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என்னை நம்பி வாங்கலாம்' என்றும் எழுதினேன். அட்டையைப் பிடித்த என் கையைப் படம் எடுத்துப் போட்டேன். என்ன திமிர் எனக்கு.

பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தேன். பிள்ளை அட்டையோடு அதற்கு முத்தம் கொடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குக் கொலுசு வேண்டும் என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். காசைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று தம்பி மனைவி பூந்தமல்லியில் ஒரு வெள்ளிக் கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் அட்டையைக் கிழித்து, காசின் ஓரத்தில் அரத்தை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது.

"இன்னாமா இது? பித்தளைக்கு பாலிஷ் போட்டு எடுத்துகினு வந்துகீறே. எத்தினி கடை ஏறி எறங்குன?"

பண்டிகைக் கூட்டம், கடை நிறைய ஆட்கள். அவள் ஏதோ சொல்வதற்குள் அவர் போனை எடுத்து அவளைப் படம் பிடித்து வியாபாரிகள் குரூப்பில் போட்டுவிட்டார். 'இந்த லேடி வந்தா உஷார்.' பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள்.

அங்கிருந்து தம்பி மனைவி நேராக என் வீட்டுக்கு வந்தாள். காசை டேபிள் மேல் வைத்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நெஜக் காசு எங்க?"

"இதாம்மா நான் வாங்குனது."

"ஊருக்கே ரிஜெக்ட் போடுற ஆளு நீங்க. ஒரு மில்லிமீட்டர் கம்மினா கண்டுபுடிச்சிடுவேன்னு பீத்திக்குவீங்க. எம் பொண்ணுக்குக் குடுத்தது மட்டும் கண்ணுக்குத் தெரியலியா?"

நான் பேப்பரைத்தான் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காசை வேலைக்கு எடுத்துப்போனேன். தராசில் நிறுத்தேன். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தேன். அதிலிருந்து உலோகத்தின் அடர்த்தி தெரிந்துவிடும். வெள்ளி என்றால் பத்தரை வர வேண்டும். இதற்கு எட்டரைகூட வரவில்லை. கால் மணி நேர வேலை. கோயிலுக்குப் போகும் முன்பு செய்திருக்க வேண்டிய வேலை.

அன்றைக்கே உங்களுக்குப் புகார் எழுதினேன். உங்கள் புகார்ப் பட்டியலில் 'சேதம்' இருக்கிறது, 'நிறம் வேறு' இருக்கிறது, 'அளவு சரியில்லை' இருக்கிறது. 'போலி' இல்லை. ஏன் இல்லை? அந்த வார்த்தையே உங்களுக்குத் தெரியாதா, இல்லை நாங்கள் அதை அழுத்தக் கூடாதா? 'வேறு காரணம்' என்பதை அழுத்தி எழுதினேன். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டீர்கள். புதுநன்மைக் காசை யார் வீடியோ எடுத்துக்கொண்டு பிரிப்பார்கள்? இல்லை என்றேன். புகார் மூடப்பட்டது.

சரி, வீடியோதானே வேண்டும் என்று அதே காசை இன்னொன்று வாங்கினேன். பார்சலை இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வைத்து, ஆபரேட்டர் ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பிரித்தேன். அவர்தான் முதலில் பார்த்தார்.

"அக்கா, அந்தப் பழைய அட்டையக் காட்டு. நம்பரப் பாரு. ரெண்டும் ஒண்ணுதான்!"

காசுக்கு ஒரு தனி நம்பர் இருக்க வேண்டும். இங்கே இரண்டு காசு, ஒரே நம்பர். சான்றிதழிலும் அதே நம்பர். அட்டையில் இருக்கிற க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால், திறக்கிற பக்கத்தில் 'அசல்' என்று பச்சை டிக் வருகிறது. எந்த அட்டையைக் காட்டினாலும் அந்தப் பக்கம் பச்சை டிக்தான் காட்டும் போல. இரண்டாவது காசையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அதுவும் எட்டரைக்குக் கீழேதான்.

எல்லாவற்றையும் அனுப்பினேன். உங்கள் பதில் எனக்கு மனப்பாடம். 'பரிசீலித்தோம். விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. விரும்பினால் பொருளைத் திருப்பி அனுப்பலாம்.' திருப்பி அனுப்பினால் என் கையில் இருக்கும் ஒரே சாட்சி உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்காகத்தான் கேட்டீர்களோ என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம். இன்றைக்கும் இருக்கிறது.

சந்தேகம் வலுத்தது இரண்டு நாள் கழித்து. தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் பேசினான்.

"அக்கா, முத்தாபுதுப்பேட்டைதான? நம்ம காசப் பத்தி ஏதோ கம்ப்ளெய்ன்ட் குடுத்துகினு கீறீங்களாம்?"

"நீ யாரு?"

"அது எதுக்குக்கா? ரெண்டு காசுக்கும் பணம் அனுப்பிடறேன். மேல போட்டும் தரேன். கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்கிடுங்க. எதுக்கு அலைச்சல்?"

வாங்குகிறவர் நம்பர் விற்கிறவனுக்குத் தெரியாது, புகாரும் பெயர் இல்லாமல்தான் அவனுக்குப் போகும் என்று உங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். என் நம்பரும் என் ஊரும் நான் புகார் கொடுத்த விஷயமும் அவனிடம் எப்படிப் போயின? அன்றிலிருந்து கூரியர்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினால் கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்?

பணம் வேண்டாம் என்றேன். "எந் தம்பி பொண்டாட்டி நம்பர் தரேன். அவகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லு. காசு நாந்தான் அனுப்புனேன், இந்த அக்காவுக்குத் தெரியாதுன்னு சொல்லு. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

சிரித்தான். "நல்லா கீதே கத! நானே என் வாயால சொல்லணுமா?" போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு காசையும் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி ஷிப்டுக்குப் போயிருந்தான். நம்பர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். இதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தம்பி மனைவி இரண்டையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"ரெண்டு டூப்ளிகேட் வெச்சிகினு கீறீங்க."

"ரெண்டாவது டெஸ்ட் பண்ண வாங்குனதும்மா."

"டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்ச பெறகு எவளாச்சும் இன்னொண்ணு வாங்குவாளா அண்ணி?" தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப இது யாரு கை?"

என் கைதான். இடது கையில் பிரஸ் கடித்த தழும்போடு. ஐந்து நட்சத்திரம். 'என்னை நம்பி வாங்கலாம்.' பலருக்கு உதவியாக இருந்தது என்று கீழே போட்டு, பக்கத்தின் உச்சியில் நீங்களே தூக்கி வைத்திருக்கிறீர்கள்.

"ஊர்ல கீற எல்லாரையும் வாங்கு வாங்குன்னு சொல்லிகினு கீறீங்க. இதுக்கு எவ்ளோ தராங்க உங்களுக்கு?"

பிள்ளை உள் அறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். எப்போது போனாலும் ஓடி வந்து என் பையைத் துழாவுகிறவள். அன்றைக்கு அம்மாவின் பக்கத்திலிருந்து நகரவில்லை.

"அத்த, அப்ப நான் முத்தம் குடுத்தது மாதா இல்லியா?"

"மாதாதாண்டி கண்ணு. காசுதான் பொய்."

"உள்ள போடி," என்றாள் தம்பி மனைவி. பிள்ளை போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ரிவ்யூவை மாற்ற உட்கார்ந்தேன். ஒரு நட்சத்திரம் போட்டு 'பித்தளை, வாங்காதீர்கள்' என்று எழுதினேன். விற்பனையாளரைப் பற்றிய கருத்து இங்கே அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். வேறு மாதிரி எழுதினேன், திருப்பினீர்கள். நான்காவது முறை என் கணக்கில் ரிவ்யூ எழுதும் வசதியையே பூட்டிவிட்டீர்கள். இப்போது திருத்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. காசு நல்லது என்று நான் சொன்னது உங்களுக்குச் செல்லும். கெட்டது என்று நான் சொன்னால் செல்லாது. வேலையில் நான் இப்படிச் செய்தால் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள்.

போன வாரம் பார்த்தேன். விற்பவன் பெயர் மாறியிருக்கிறது. காசு அதே காசு. என் கையும் என் வார்த்தையும் புதுக் கடையின் உச்சியில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பெயர் மாறினால் ரிவ்யூவை யார் எடுத்துப்போய் ஒட்டுகிறார்கள்? விற்கிறவனால் அது முடியாது. உங்களால்தான் முடியும்.

தப்பு என்னுடையதும்தான். சோதிக்காமல் பாஸ் போட்டேன், அதற்கு மேல் பெருமை வேறு அடித்தேன். என் கையெழுத்தை நம்பி எத்தனை வீட்டுக்கு அந்தக் காசு போயிருக்கும், எந்தப் பிள்ளை அதைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கும் என்று தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி உங்கள் முறை.

எனக்கு மெயில் அனுப்பாதீர்கள். போனில் கூப்பிட்டு மேடம் மேடம் என்று குழையாதீர்கள். பணமும் வேண்டாம். எந்த ஐந்து நட்சத்திரத்தை அழிக்க விடாமல் பூட்டி வைத்திருக்கிறீர்களோ, அதற்கு நேர் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதுங்கள். இந்தக் காசு போலியா இல்லையா? ஒரே நம்பரில் இரண்டு வந்தது என்று நான் காட்டிய பிறகும் ஏன் விற்றீர்கள்? என் போன் நம்பரை அவனுக்குக் கொடுத்தது யார்? அந்த ரிவ்யூவை எழுதியவளுக்கு அப்போது உண்மை தெரியுமா, தெரியாதா?

தம்பி மனைவி அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தம்பி சொன்னான். அவள் படிக்கிற இடத்தில் பதில் சொல்லுங்கள்.