மன்னிப்புக் கேட்ட விமானி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. பெங்களூர் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்த காலம். எனக்கு ஏழாம் மாதம். சென்னையில் அம்மா வீட்டில், அன்று ராகு காலம் தொடங்குவதற்குள் வளைகாப்பு. ரயில் குலுக்கல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவருக்கு முந்தின நாள் லீவு கிடைக்கவில்லை. அதனால் பெங்களூர் விவேக் நகர் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி முதல் விமானத்தைப் பிடித்தோம்.

மேலே ஏறியதும் இடது பக்கம் டமால் என்று ஒரு சத்தம். விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். விமானியிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேப்டன் பேசினார். ஒரு என்ஜின் பழுது, அதை அணைத்துவிட்டோம், இன்னொன்று நன்றாக ஓடுகிறது, பெங்களூரிலேயே இறங்குகிறோம் என்றார். பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அலுங்காமல் தரையிறக்கினார். எல்லோரும் கைதட்டினோம்.

அந்தச் சூடு ஆறவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்! நாங்கள் காத்திருந்த கூடத்துக்குக் கேப்டன் வந்ததும் கோட்டு போட்ட ஒரு ஆசாமி மறித்துக்கொண்டார். ஒரு என்ஜினிலேயே பறக்குமாமே, அப்படியே சென்னைக்குப் போயிருந்தால் என்ன, என் மீட்டிங் போச்சே என்று கத்தினார். சத்தம் கேட்டதும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வேறு கேள்வி.

கேப்டன் பொறுமையாகத்தான் சொன்னார். முதலில் விமானத்தை நிலையாகப் பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். பிறகு எந்த என்ஜின் கெட்டது என்று இரண்டு விமானிகளும் சேர்ந்து பார்த்துத்தான் அணைக்க வேண்டும். அவசரத்தில் நல்லதை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. பயணிகளிடம் பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான். மிச்சமிருக்கும் ஒன்றை நம்பி உங்களைச் சென்னை வரை கூட்டிப்போக மாட்டேன் என்றார். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

யார் காதில் விழுந்தது? இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். விமானக் கம்பெனி மேனேஜர் ஓடி வந்து, ஒரு சாரி சொல்லிவிடுங்கள் என்று கேப்டனையே நெருக்கினார். அந்த மனிதரும் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

அப்போதும் அந்த ஆசாமி அடங்கவில்லை. காலையில் விமானம் ஏற வரிசையில் நின்றபோது என் கணவர் வாய் சும்மா இல்லாமல் வளைகாப்பு விஷயத்தை அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தம்மாவப் பாருங்க. வளைகாப்புக்குப் போறவங்க. நல்ல நேரம் போச்சு. யார் சார் பதில் சொல்றது?"

கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். உதறிவிட்டு எழுந்தேன்.

"எனக்காக நீங்க பேச வேணாம் சார். வளைகாப்பு நாளைக்குக்கூட வச்சுக்கலாம். எங்க ரெண்டு உசுரையும் தரைக்குக் கொண்டுவந்தவரு அவரு. அவரைப் போய் சாரி கேக்க வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

ஆசாமி இங்கிலீஷில் ஏதோ முனகிக்கொண்டே டெலிபோன் பூத் பக்கம் நகர்ந்தார். கேப்டன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்கம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து, கை நிறைய வளையல் போட்டுக்கொண்டேன். வயிற்றிலிருந்தவள் இன்று வேலைக்குப் போகிறாள். ஆனால் எங்களைப் பிழைக்க வைத்ததற்காக ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டாரே, பதிலுக்கு அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.