பெரியம்மா எடுத்துப்போன ஜெர்மன் வண்டி

அந்த ஜெர்மன் கார் கம்பெனியின் வரலாற்றை இன்றைக்கு யார் கேட்டாலும் என் பெரியப்பா ஒரு மணி நேரம் சொல்வார். ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடுவார். கேட்பவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அத்தியாயத்தின் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மைசூரில் மண்டி மொஹல்லாவில், இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே பெரியப்பா குடும்பம், மாடியில் நாங்கள். பெரியப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. என் அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் பகல் முழுக்க நான் பெரியம்மாவின் பொறுப்பு. பெரியம்மாவின் மகனை அண்ணன் என்று கூப்பிடுவேன். என்னைவிட இரண்டே வயது மூத்தவன், ஆனால் அதை ஒரு உத்தியோகம் மாதிரி பார்த்துவந்தான்.

இந்தச் சந்துக்குள்தான் பெரியப்பா அந்தக் காரைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், மூன்றாம் கை. குடகில் ஒரு காப்பித் தோட்டக்காரர் விற்றது. ரயில்வே சொசைட்டியில் லோன் போட்டு வாங்கியதாகச் சந்து முழுக்கச் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வண்டி வந்த நாளிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. காய்கறி வாங்கக்கூட ஜெர்மானிய நிதானத்தோடு போய்வந்தார். வண்டியை யாரும் தொடக்கூடாது, சாயக்கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடாது. வருடத்துக்கு நாலைந்து முறை வெளியே எடுப்பார். ஆயுத பூஜைக்குச் செவ்வந்தி மாலையும் வாழைக்கன்றும் கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாமுண்டி மலைக்கு ஒரு நடை போய்வருவார். மற்ற நாட்களில் துடைப்பார்.

வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அந்தக் கம்பெனியின் சரித்திரத்தைக் கேட்காமல் தப்பித்துப் போனதில்லை. போனில் விதவிதமான வீடியோக்கள் பார்த்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தார். ஒரே நாட்டில் இரண்டு ஊர்களில் இரண்டு பேர் தனித்தனியாக மோட்டார் வண்டி செய்ததும், ஒருவரையொருவர் சந்திக்காமலேயே இருந்ததும், அவர்கள் காலத்து வேலையெல்லாம் பிற்பாடு ஒரே பெயரில் சேர்ந்ததும் அவர் வாயால் கேட்டால் புராணம் மாதிரி இருக்கும். யுத்த காலம் வரும்போது மட்டும் குரல் வேகமெடுக்கும். கைதிகளையும் வெளிநாட்டவர்களையும் கட்டாய வேலை வாங்கிய காலம் அது என்பதைக் கம்பெனியே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் வளர்ந்தபின் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பா அந்த வருடங்களை மேடு பள்ளம் பார்த்த டிரைவர் மாதிரி தாண்டிவிடுவார்.

அவர் உருகிச் சொல்வது அந்த இருவரில் ஒருவருடைய மனைவி கதையைத்தான். கணவர் வண்டியைச் செய்துவிட்டு, வெளியே ஓட்டிக் காட்டத் தயங்கிக்கொண்டிருக்கிறார். ஊர் சிரிக்கிறது. ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தன் அம்மா வீட்டுக்கு வண்டியை ஓட்டிப் போய்விடுகிறார். வழியில் குழாய் அடைத்துக்கொண்டால் தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுக்கிறார். எரிபொருள் தீர்ந்தால் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றுகிறார். அதற்குப் பிறகுதான் உலகம் அந்த வண்டியை நம்பியது. "அவ பொம்பளை!" என்று தொடையைத் தட்டுவார் பெரியப்பா. "அவ மட்டும் புருஷனைக் கேட்டுக்கிட்டு நின்னிருந்தா, இன்னிக்குக் காரே கிடையாது." அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை எடுத்து அவருடைய பட்டறையில் போட்டிருந்தார் என்பதை மட்டும் பெரியப்பா ஒருநாளும் சொன்னதில்லை. காப்பி டம்ளரை எடுக்க வந்த பெரியம்மா கதை முடியும்வரை கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

பெரியம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். கொள்ளேகாலில் அவள் அப்பா பட்டுப் புடவைகளைக் கடைகளுக்கு அனுப்ப ஒரு வேன் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கி, அந்த வேனை அவள் நஞ்சன்கூடு வரைக்கும் ஓட்டியிருக்கிறாள். ஆனால் இந்த வண்டி பெண்கள் கைக்கு அடங்காது என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. ஜெர்மனியில் அடங்கியது மைசூரில் ஏன் அடங்காது என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன். போய்ப் படி என்றார்.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்றால், கொள்ளேகால் மாமா ஒருமுறை வந்திருந்தார். பெரியம்மாவின் அண்ணன். துடைப்பதற்காகச் சந்து முனையில் நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். நாலு பேர் கேட்கும்படி, இதை வாங்கியதற்கு ஒரு ஜோடி மாடு வாங்கியிருந்தால் பாலாவது கிடைத்திருக்கும் என்றார். பெரியப்பாவின் முகம் கறுத்துப்போனது. மாமா ஒருநாளும் அப்படிப் பேசுகிறவர் இல்லை, வேறு ஏதோ கோபத்தை வண்டிமேல் காட்டினார் என்று அம்மா சொன்னாள். என்ன கோபம் என்று எனக்குச் சொல்லவில்லை. இனி இந்த வீட்டிலிருந்து ஒரு காக்கைகூடக் கொள்ளேகாலுக்குப் போகக்கூடாது என்று பெரியப்பா அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்து, பெரியம்மாவின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அவர்களுக்கு அம்மா இல்லை. தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பெரியம்மாதான். அம்மா இடத்தில் நின்று அவள்தான் தட்டு மாற்ற வேண்டும். அக்கா வராவிட்டால் மனையில் உட்கார மாட்டேன் என்று தங்கை போனில் அழுதாள். பெரியம்மா பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். மாடு வாங்கச் சொன்னவன் வீட்டுக்கு மாட்டு வண்டியில் போய்க்கொள் என்றார். பெரியம்மா அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திய பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

எங்களுக்குத் தசரா விடுமுறை. நிச்சயதார்த்தத்தன்று காலையில் பெரியப்பா டிபன் கேரியரோடு ஆபீசுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பெரியம்மா அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சாமி அலமாரியில், ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்த இன்னொரு சாவி இருந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகினாள். எங்கள் இருவரையும் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

சந்திலிருந்து அந்த வண்டியை ரிவர்சில்தான் எடுக்க வேண்டும். பெரியப்பா எடுக்கும்போது முன்னே ஒருவர், பின்னே இருவர் நின்று கத்துவார்கள். பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளியில் பின்னால் விட்டாள். சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. முனையில் வெற்றிலைக் கடைக்காரர், "பர்லி, பர்லி, ஸ்வல்ப லெஃப்ட்" என்று கன்னடத்தில், வரட்டும், கொஞ்சம் இடது பக்கம் என்று கத்திக் கை காட்டியபடி கூடவே நடந்தார். சுவரில் ஒரு கீறல் இல்லை. பெரியப்பா எடுத்த நாட்களில் இருந்திருக்கிறது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

காய்ந்த செவ்வந்தி மாலை முன்னால் ஆட, நரசிபுரம் ரோட்டில் போனோம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கதையில் வருகிற இரண்டு பிள்ளைகள் நாங்கள்தான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அதனால் மருந்துக் கடையில் நிறுத்தியே தீர வேண்டும் என்று அடம்பிடித்தோம். பெரியம்மா நிஜமாகவே ஒரு மருந்துக் கடையில் நிறுத்தி, எங்களுக்கு இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நரசிபுரம் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. வருடத்தில் நாலு நாள் ஓடுகிற வண்டி வேறு என்ன செய்யும்? ஒரு கரும்புச் சாறு கடையின் புளியமர நிழலில் நிறுத்தி பானட்டைத் தூக்கினாள். நான் என் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னைக் கழற்றி நீட்டினேன். எங்கே குத்த வேண்டுமோ குத்திக்கொள்ளட்டும். பெரியம்மா அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. சந்தில் யாரோ புண்ணியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் குரல் பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது.

"எங்கடி இருக்கே?"

"நரசிபுரத்துல."

"வண்டி?"

"அதுவும் நரசிபுரத்துலதான்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"அந்த ஜெர்மன்காரம்மா யாரைக் கேட்டாங்க?"

"அது ஹிஸ்டரி" என்றார் பெரியப்பா.

"இதுவும் ஆயிரும், வெச்சிடறேன்" என்று பெரியம்மா வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிடமே திரும்ப அடித்தது. திட்டத்தான் என்று நினைத்தோம். முள் எங்கே நிற்கிறது, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதே, ஆறவைத்துத் தண்ணீர் ஊற்று என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். பெரியம்மா ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதன்பின் ஒரு வாரம் அவர் அவளோடு பேசவில்லை. பெரியம்மா அதை லீவு மாதிரி அனுபவித்தாள். நான் இப்போதும் பெரியம்மா கட்சிதான், இதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. கதையில் வருகிற பெண்ணுக்குத் தொடையைத் தட்டிவிட்டு, சமையலறையில் இருக்கிற பெண்ணுக்குச் சாவியை ஒளித்துவைக்கிற மனிதர்களை எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

கொள்ளேகாலில் பந்தல் போட்ட வாசலில் நேரே கொண்டுபோய் நிறுத்தினாள். மாமா ஓடிவந்தார். டிரைவர் பக்கம் குனிந்து பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். வண்டியைச் சுற்றி இன்னொரு முறை வந்தார்.

"மைசூர் மாப்பிள்ளை வரலீங்களா?" என்று எங்கள் தலைக்கு மேல் பொதுவாகக் கேட்டார்.

"நான் வந்திருக்கேனில்ல" என்றாள் பெரியம்மா.

பாதிப் பின்னலோடு தங்கை உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டைப் பற்றியும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் நேரம் இருந்தது. உள் அறையில் மாமாவின் மனைவி பெரியம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு கனமான பட்டுப் புடவைக்கு மேலே தாலிக்கயிறு மட்டும், மஞ்சள் பூசி, தனியாகக் கிடந்தது. மற்ற பெண்கள் எல்லோரும் ஆரமும் வளையலுமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அம்மிணி, கழுத்துல ஒண்ணையுங் காணோம்? உங்கப்பா போட்டு அனுப்புனதெல்லாம் எங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனார்.

பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க அண்ணி. எல்லாத்தையும் கொண்டாந்துதான் இருக்கேன். வாசல்ல நிக்குது பாருங்க."

அத்தை ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். அவள் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தட்டு மாற்றும் நேரத்தில் அந்த வெறுங்கழுத்தோடுதான் பெரியம்மா சபை நடுவில் நின்றாள். தலை குனியவில்லை. யார் பார்த்தாலும் திருப்பிப் பார்த்தாள்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. எல்லா நகையையும் வண்டியில் வைத்துவிட்டு மறந்து வந்திருக்கிறாளே, யாராவது எடுத்துப்போனால் என்ன ஆவது? வாசலுக்கு ஓடினேன். கதவைத் திறந்து டாஷ்போர்டைத் துழாவினேன். சீட்டுகளுக்கு அடியில் கைவிட்டேன். கால் மிதியடிகளைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டெப்னி இருந்த இடத்தைக்கூட விடவில்லை. மூன்று காய்ந்த செவ்வந்தியும் ஓர் இருமல் மிட்டாயும்தான் கிடைத்தன. கையெல்லாம் கிரீஸ். மூச்சு வாங்கத் திரும்பிப் போய் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னேன்.

"வண்டி முழுக்கத் தேடிட்டேன் பெரியம்மா. உங்க நகை அதுல இல்ல."

"அதையேதான் கண்ணு உங்க பெரியப்பாவும் சொல்றாரு" என்றாள் பெரியம்மா.

பெரியப்பாவுக்குத் தோன்றுவதே எனக்கும் தோன்றுகிறது என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே பெருமை.