முதலில் விரல் அசைய வேண்டும்

என் அக்காவைக் கட்டியவரை சீரியல் யூனிட்டில் எல்லோரும் "குட்டி எமன்" என்பார்கள். ஆள் குள்ளம், அதனால் குட்டி. எமன் ஆனது தொழிலால்.

அத்தான் சினிமாவுக்கு வந்தது படப்பிடிப்புக்கு வேன் பிடித்துத் தரும் ஆளாக. பிறகு புரொடக்‌ஷன் மேனேஜர், பிறகு தயாரிப்பாளர். ஆசை ஆசையாக ஒரு படம் எடுத்தார். அது தியேட்டருக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. "மண்ணைக் கவ்வியாச்சு, இனி எழுந்து தட்டிவிட்டுக்க வேண்டியதுதான்" என்று அக்காதான் அவரை டிவி பக்கம் தள்ளிவிட்டாள்.

சீரியலில் அவர் கொடி கட்டிப் பறந்தது ஒரே ஒரு வித்தையால். சினிமா வாய்ப்பு வந்து நடிகை லீவு கேட்டால் மற்ற தயாரிப்பாளர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள். அத்தான் சிரித்த முகமாக "போயிட்டு வாம்மா" என்பார். மறுநாள் அந்தப் பாத்திரம் மாடிப்படியில் உருண்டு கோமாவுக்குப் போய்விடும். தலை முழுக்கக் கட்டு, மூக்கில் குழாய், கட்டிலில் வேறு யாரோ ஒரு பெண். நடிகை திரும்பி வந்ததும் முழிப்பு. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். "டக்குனு கண்ணைத் திறந்தா யார் நம்புவாங்க? முதல்ல விரல் அசையணும். க்ளோசப். அப்புறம் விளம்பரம்." நான்தான் அவருடைய எடிட்டர். அந்த விரலை வெட்டி ஒட்டியே எனக்குத் தலை நரைத்தது.

அப்புறம் அக்கா விழுந்தாள். மாடிப்படியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தானைப் பார்க்கச் சகிக்கவில்லை. செட்டில் ஓர் அதட்டலில் அத்தனை பேரையும் ஓட வைக்கிறவர், "உள்ள போகலாமா சிஸ்டர்?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தினமும் டாக்டரிடம் "எப்ப முழிப்பாங்க?" என்பார். "சொல்ல முடியாது சார்" என்பார் டாக்டர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போதாத காலம், அந்தச் சமயம் எங்கள் சீரியலிலும் அம்மா கோமாவில் கிடந்தாள். அம்மாவாக நடித்தவர் சினிமாவில் இடம் பிடித்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சேனலில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான பெண் அத்தானுக்கு ஃபோன் செய்தாள்.

"சார், அம்மா கேரக்டரை முடிச்சிடலாம். சாவு ட்ராக் வெச்சா ரேட்டிங் எகிறிடும்."

பழைய அத்தான் என்றால் அவளுக்கு முந்திக்கொண்டு இதைச் சொல்லியிருப்பார். இப்போது, "வேண்டாம்மா, படுத்திருக்கட்டும்" என்றார்.

"ரெண்டு மாசமா படுத்திருக்காங்க சார். ஆடியன்ஸுக்குப் பொறுமை இல்ல."

"எனக்கும்தாம்மா இல்ல."

வசனம் எழுதுகிறவர் என்னிடம் வந்து புலம்பினார். "படுத்துக் கிடக்கிறவங்களுக்கு நான் என்னத்தங்க வசனம் எழுதறது?" நியாயம்தானே என்று நான் அத்தானிடம் போனேன். "அது வெறும் கதை அத்தான். அந்தம்மா செத்தா இங்க என்ன ஆகிடப் போ..." முடிக்க விடவில்லை. சட்டென்று கையால் என் வாயைப் பொத்திவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் அக்காவின் அறையிலிருந்து அலறல் கேட்டது. "அசைஞ்சுது! விரல் அசைஞ்சுது!" அத்தான் வெறுங்காலோடு ஓடிவந்து டூட்டி டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் அக்காவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார்.

"சார், இது தசை தானா துடிக்கறது. அவங்களுக்குத் தெரிஞ்சு நடக்கல. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"இல்ல டாக்டர், முதல்ல விரல்தான் அசையும்."

"யார் சொன்னது?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

சேனல் பெண் கடைசியாகக் கறாராகச் சொல்லிவிட்டாள். "முழிக்கட்டும், இல்ல சாகட்டும். எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க சார்." அத்தான் நேரே எடிட்டிங் அறைக்கு வந்தார். "முழிக்க வெச்சிடு மச்சான்" என்றார். நடிகையே இல்லாமல் எப்படி முழிக்க வைப்பது? பழைய எபிசோடுகளைக் குடைந்து, அந்த அம்மா காலையில் தூங்கி எழுகிற ஷாட் ஒன்றைப் பிடித்தேன். அதில் தலைக்கட்டு இல்லை. அதனால் கண் மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாக்கி ஒட்டினேன். விரல் வைக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அது டிவியில் வந்த சாயங்காலம் நாங்கள் ஆஸ்பத்திரியில், வெளியே காத்திருக்கிற கூடத்தில்தான் இருந்தோம். உள்ளே ஆளைப் படுக்க வைத்துவிட்டு வந்த கூட்டம் மொத்தமும் சுவரிலிருந்த டிவியை அண்ணாந்து பார்த்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். யாரோ கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தினார். அத்தான் டிவி பக்கமே திரும்பவில்லை.

தினமும் எங்களுக்கு எதிரே உட்காருகிற ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் கணவன் பைக்கிலிருந்து விழுந்து உள்ளே கிடந்தான், அவனுக்கும் நினைவில்லை.

"சார், இந்த சீரியல் நீங்க எடுக்கறதாமே, செக்யூரிட்டி சொன்னார்."

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரர் முழிச்சிடுவாரா சார்?"

அத்தான் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். "நான் டாக்டர் இல்லம்மா."

"தெரியும் சார். டாக்டரைத்தான் தினமும் கேக்கறேனே, அவர் சொல்ல மாட்டேங்கறார். நீங்களாவது சொல்லுங்க."

கதை விட்டே வீடு கட்டிய மனுஷன் அந்த ஒரு வார்த்தைக்குத் திக்கித் திணறினார். கடைசியில், "முழிச்சிடுவார்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். தன் இடத்துக்குப் போய், காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அத்தான் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நமக்கு இதை யாருடா சொல்லுவாங்க?"